வீட்டை இப்போதே எழுதிக் கொடுப்பதா, உயில் போதுமா? அப்பாவுக்கு 82 வயது, மறதி தொடங்கியிருக்கிறது

காவிரிக்கரை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து 2001-ல் ஓய்வு பெற்றவர். பழைய பென்ஷன். அம்மாவுக்கு 77. ஸ்ரீரங்கத்தில் அப்பா 1984-ல் மனை வாங்கிக் கட்டிய வீடு இருக்கிறது. மாம்பலத்தில் ஒரு சின்ன ஃபிளாட். லால்குடி பக்கம் தாத்தா வழியில் வந்த நஞ்சை, அது இன்னும் பாகம் பிரிக்கவில்லை. நாங்கள் மூன்று பேர். அக்காவுக்கு 1987-ல் கல்யாணம், எனக்கு 1998-ல். தம்பி துபாயில் இருக்கிறான்.

ஓய்வு பெற்ற வருஷமே அப்பா ஒரு உயில் எழுதி வைத்திருக்கிறார். போன மாதம்தான் பீரோவிலிருந்து எடுத்துப் படித்தேன். "பெண்கள் இருவருக்கும் செய்யவேண்டிய சீர்களைச் செய்து முடித்துவிட்டபடியால்" எல்லாச் சொத்தும் மகனுக்கே என்று எழுதியிருக்கிறது. அம்மாவைப் பற்றி ஒரே வரி: மகன் அவளை வைத்துக் காப்பாற்றி வரவேண்டியது. அந்த மகன் துபாயில். அம்மாவையும் அப்பாவையும் இப்போது பார்த்துக்கொள்வது நான்.

நரம்பியல் மருத்துவர் டிமென்ஷியாவின் ஆரம்ப நிலை என்கிறார். காலையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு என்னோடு வாதம் செய்கிறார். சில சாயங்காலங்களில் பேரன் பெயர் வரவில்லை. சித்தப்பா, "கையெழுத்து நன்றாக இருக்கும்போதே மூன்று பேருக்கும் செட்டில்மென்ட் போட்டுவிடுங்கள், அப்புறம் அலைய முடியாது" என்கிறார். தம்பியும் சரி என்கிறான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அம்மாவின் கதி என்ன? சட்டமெல்லாம் மாறிவிட்டது என்கிறார்களே, எது எங்களுக்குப் பொருந்தும்?

பத்திரக்கட்டு

சகோதரி, நான் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

செட்டில்மென்ட் பதிவானால் சொத்து அன்றைக்கே கைமாறிவிட்டது. உயில் என்றால் எழுதியவர் காலம் வரை ஒன்றும் மாறாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இது தெரிந்தும் பலர் செட்டில்மென்ட் பக்கம் போவதற்குக் காரணம் செலவு குறைவு என்பதுதான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம். அதற்கு உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜூலையில் 40,000 ஆனது. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆனது. வீடு கோடி பெறுமானம் என்றாலும் அதற்கு மேல் போகாது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்த எத்தனையோ பத்திரங்களை எழுதிக் கொடுத்தவர்கள், பிறகு கண்ணீரோடு வந்து "ரத்து செய்ய முடியுமா?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாக முடியாது. ஒருதலைப்பட்சமான ரத்துப் பத்திரத்தைப் பதிவாளர் ஏற்கக்கூடாது என்று 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லிவிட்டது.

மிச்சமிருக்கும் வழி 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். இந்த "நிபந்தனை" என்பதில்தான் இத்தனை வருஷமாகச் சண்டை. நிபந்தனை இருந்தது என்று காட்டினால்தான் 23 பொருந்தும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவர் வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் நம்மூர் உயர்நீதிமன்றம் நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. "அன்பும் பாசமும் கருதி" என்று பத்திரத்தில் இருந்தாலே, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் அடக்கம் என்று தீர்ப்பு.

நல்ல தீர்ப்புதான். ஆனால் 82 வயதில் உங்கள் அப்பா கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏற வேண்டுமா? செட்டில்மென்ட் போட்டே ஆகவேண்டும் என்றால், "எனது ஆயுள் வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் வரையிலும் நாங்களே அனுபவித்து வரவும், எங்கள் காலத்துக்குப் பிறகு..." என்ற வாசகத்தைப் போடச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனையைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் இன்றே சுவாதீனம் ஒப்படைத்தேன்" என்ற வழக்கமான வரி டைப் ஆகி வந்திருக்கும். அதைப் படிக்காமல் அப்பாவிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

கோட்டூர்புரம் தாத்தா

அம்மா, எனக்கும் 79 ஆகிறது. என் பிள்ளைகள் தங்கமானவர்கள். இருந்தும் வீடு என் பேரில்தான் இருக்கிறது, நானும் என் மனைவியும் இருக்கும் வரை அப்படியே இருக்கும். பிள்ளைகள் மேல் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வியாபாரத்தில் கடன் ஏறி, அவன் பேரில் இருக்கும் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டால்? மேலே சொன்ன நாகப்பட்டினம் வழக்கிலும் எழுதி வாங்கிய மகன் இறந்த பிறகு, மருமகள் பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதானே புகார். என் தெருவில் இப்படி ஒருவர், தான் கட்டிய வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறார். மின்சார பில்லில் கூட அவர் பெயர் இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

தென்காசி மகன்

எல்லோரும் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். அப்பா படுக்கையில் கிடந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டவன் நான். சொத்து வரி, ரிப்பேர் எல்லாம் என் பணம். கடைசியில் உயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. சமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். பார்த்துக்கொண்டதற்கு எந்தச் சட்டத்திலும் கணக்கு கிடையாது. காவிரிக்கரை மகள், நீங்கள் இன்று இருக்கும் இடம் அதுதான். உங்கள் உழைப்புக்கு அப்பா ஏதாவது தனியாகச் செய்ய நினைத்தால், வெட்கப்படாமல் எழுதி வாங்குங்கள்.

காவிரிக்கரை மகள்

தென்காசி மகன், உங்கள் வலி புரிகிறது. எனக்கு வீட்டில் பங்கு அதிகம் வேண்டாம். அம்மா கடைசி வரை அந்த வீட்டில் யார் தயவும் இல்லாமல் இருக்க வேண்டும், அப்பாவின் வைத்தியத்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் அவர் பணமே பயன்பட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இரவுப் பணி செவிலி

அக்கா, "அவர் பணமே பயன்பட வேண்டும்" என்று சொன்னீர்களே, இந்த இழையில் அவசரமான விஷயமே அதுதான். செட்டில்மென்டா உயிலா என்று எல்லோரும் பேசுகிறார்கள். அப்பா இருக்கும்போதே, அவரால் கையெழுத்துப் போட முடியாமல் போகும் வருஷங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் மாமியாருக்கு இதே வியாதி. பகலில் ஒரு ஆள், இரவில் நான். நாங்கள் நம்பியிருந்தது பவர் பத்திரத்தை. எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போனால் பவரும் செத்துப்போகும், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எதற்காக எழுதினோமோ அந்த நேரத்தில் அது உதவாது. மற்ற நாடுகள் சிலவற்றில் புத்தி தடுமாறிய பிறகும் நிலைக்கும் பவர் உண்டு, இங்கே அந்த ஏற்பாடு இன்னும் வரவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம், ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும். பணத்தைத் தொட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் வைப்பது ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்குத்தான், டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2024-ல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு முன்னால் தனி நீதிபதியிடம் அந்த அம்மாவின் மனு தள்ளுபடி ஆகி, மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. வைத்தியச் செலவுக்கு அலையும் ஒரு மனைவி இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது.

அதனால் அப்பா தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் முதலில் வங்கிக்குப் போங்கள். வைப்புநிதி, சேமிப்புக் கணக்கு எல்லாவற்றையும் அம்மாவோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் இயக்கலாம் என்று மாற்றுங்கள். பென்ஷன் கணக்கையும் அப்படி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர்தான், உரிமை உயிலைப் பொறுத்தது. இரண்டும் ஒத்துப்போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பெரிதாக நம்பாதீர்கள். 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது நல்ல விஷயம். 2024 ஏப்ரலிலிருந்து புதுப் பாலிசி எடுக்க 65 வயது வரம்பு என்பதும் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். குளிப்பாட்ட, ஊட்டிவிட, ராத்திரி எழுந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு யாரும் தரமாட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் மாதம் 24,000. பராமரிப்புச் சட்டத்தில் தீர்ப்பாயம் அதிகபட்சமாக உத்தரவிடக்கூடிய ஜீவனாம்சம் மாதம் 10,000. அந்த உச்சவரம்பை எடுத்துவிட 2019-ல் ஒரு திருத்த மசோதா வந்தது, நிறைவேறாமலே போனது. ஆகவே வீடும் வைப்புநிதியும்தான் அப்பாவின் பராமரிப்புக்கு உண்மையான காப்பீடு. அதை இப்போதே பங்கு போட்டால் நாளைக்கு மூன்று பேரிடமும் கேட்டு வாங்க வேண்டிவரும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பாவே இப்போது எழுதி வைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது, அதனாலேயே யாரும் செய்யவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். அவரிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். அந்த முடிவை உங்கள் மூன்று பேர் தலையில் விட்டுவிட்டால், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். நான் வேலை செய்யும் வார்டில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

மதுரை வக்கீல்

செவிலித் தங்கை சொன்னதை இரண்டு தடவை படியுங்கள். நான் சொத்து விஷயத்துக்கு வருகிறேன்.

2001 உயில் எழுதியபோது இருந்த சட்டம் வேறு, இன்று இருக்கும் சட்டம் வேறு. லால்குடி நஞ்சையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது, ஆனால் அன்றைக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. எனவே உங்களுக்கு அப்போதே உரிமை வந்துவிட்டது, 1987-ல் கல்யாணமான உங்கள் அக்காவுக்கு வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒரு கோடு! 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: தேவையில்லை, பிறப்பால் வந்த உரிமை அது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினை இருந்தால் அதைத் தொட முடியாது. உங்கள் வீட்டில் பாகமே ஆகவில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். அந்த நஞ்சை தாத்தா சொந்தமாக வாங்கியதா, அவருக்கும் முன்னோர் வழியில் வந்ததா? தாத்தாவே வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்தாகிவிடும். மகள்களின் பிறப்புரிமை என்ற பேச்சே எழாது.

ஸ்ரீரங்கம் வீடும் மாம்பலம் ஃபிளாட்டும் அவர் சம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதுதான் எனக்குக் கவலை. இன்றைய உயில் அப்படியே நின்றால் அம்மாவுக்கு வீட்டில் உரிமை இல்லை, மகன் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரு வரி மட்டுமே. உயிலே இல்லாமல் போயிருந்தால் கூட அம்மாவுக்குப் பிள்ளைகளோடு சமபங்கு கிடைத்திருக்கும்! புது உயிலில் வீட்டை அம்மாவுக்கு முழு உரிமையாகக் கொடுப்பது நல்லது. "ஆயுள் வரை அனுபவித்து" என்று மட்டும் மனைவிக்கு எழுதினால், அது முழு உரிமையா ஆயுள் உரிமையா என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவை வைத்துப் பிள்ளைகள் காலத்தில் வழக்கு நடக்கிறது.

மாம்பலம் ஃபிளாட்டுக்கு ஒரு நல்ல செய்தி. சென்னை மாநகருக்குள் இருக்கும் சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால், நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று வாங்கிய பிறகுதான் உரிமை கோர முடியும் என்று இருந்தது. திருச்சியிலோ மதுரையிலோ அது தேவையில்லை, பிரிட்டிஷ் கால மாகாணத் தலைநகரங்களான சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றுக்கு மட்டும். புரொபேட் என்ற அந்தச் சான்றை வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 2025 டிசம்பரில் பாராளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. இனி கட்டாயம் இல்லை. சண்டை வந்தால் உயிலை நிரூபிக்க வேண்டியது மட்டும் எப்போதும் போல உண்டு.

ஷார்ஜா தமிழன்

தம்பிக்காக ஒரு விஷயம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. பழைய முறையில் 20 சதவீதமா, புது முறையா என்று தேர்ந்தெடுக்கும் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான், எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் விற்கும்போது வாங்குபவர் முன்கூட்டியே வரி பிடித்துக் கட்டவும் வேண்டும். ஃபிளாட்டை யாருக்கு எழுதுவது என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

சாக்பீஸ்

நீங்களும் ஆசிரியரா என்று தெரியவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் உங்கள் முதுமைக் கணக்கையும் இப்போதே போடுங்கள். உங்கள் அப்பாவுக்குக் கிடைப்பது போல் நமக்கு என்று நினைக்க முடியாமல் இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள், என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2026 ஜனவரி 3 அன்று அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தை அறிவித்தது: கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, குடும்ப ஓய்வூதியம் அதில் 60 சதவீதம், 10 சதவீதப் பிடித்தம் தொடரும். எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு வந்தது. ஆனாலும் நான் என் சேமிப்பை நிறுத்தவில்லை. பணியில் இருக்கும்போதே ஓய்வு வயது 58, 59, 60 என்று இரண்டு தடவை மாறியதைப் பார்த்தவர்கள் நாம்.

காவிரிக்கரை மகள்

சாக்பீஸ், ஆமாம், நானும் ஆசிரியைதான், 2006-ல் சேர்ந்தேன்.

எல்லோருக்கும் நன்றி. தம்பியோடும் அக்காவோடும் வீடியோ காலில் பேசிவிட்டோம். செட்டில்மென்ட் வேண்டாம் என்று முடிவு. வக்கீல் சார், நஞ்சை கொள்ளுத்தாத்தா காலத்தது, பழைய பத்திரம் சித்தப்பாவிடம் இருக்கிறது. அக்காவுக்கு அதில் பங்கு உண்டு என்று சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு ஒன்றும் கிடையாது என்றுதான் முப்பது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

நேற்றுக் காலை அப்பாவிடம் பழைய உயிலைப் படித்துக் காட்டினேன். அம்மாவைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அவ பேருக்கே எழுதணும்" என்றார். வியாதி பேரில் மருத்துவச் சீட்டு இருக்கிறதே, இனி அவர் எழுதும் உயில் செல்லுமா?

மதுரை வக்கீல்

செல்லும். நோய்க்குப் பெயர் வைத்ததால் மட்டும் உரிமை போகாது. என்ன எழுதுகிறோம், யாருக்கு, எந்தச் சொத்து என்பது கையெழுத்துப் போடும் நேரத்தில் தெரிந்திருந்தால் போதும். இடையிடையே தெளிவு வரும் மனிதர் அந்தத் தெளிவில் எழுதினாலும் உயில் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். அதே நரம்பியல் மருத்துவரிடம் அன்றோ முந்தின நாளோ பரிசோதனை செய்து எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் அவரையே ஒரு சாட்சியாகப் போடுங்கள். இன்னொரு சாட்சி அப்பாவின் பழைய சக ஊழியர் யாராவது, அப்பாவைவிட வயதில் சிறியவராக.

நீங்கள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சொத்து பெறும் பிள்ளை முன்னின்று நடத்திய உயில் என்றால் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். வாசகத்தை அப்பா வாயால் சொல்லச் சொல்லி, அவர் படித்துப் பார்ப்பதை வீடியோ எடுக்கட்டும். "இதற்கு முன் எழுதிய உயிலை இதனால் ரத்து செய்கிறேன்" என்று 2001 உயிலின் தேதியோடு குறிப்பிட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்யுங்கள். உயிலை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், மாம்பலம் ஃபிளாட்டுக்காகச் சென்னை போக வேண்டியதில்லை. அவரால் வர முடியாவிட்டால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய இடமுண்டு, மனு கொடுத்துக் கேளுங்கள். நஞ்சையில் சித்தப்பா போன்ற மற்றவர்களின் பாகம் போக உங்கள் குடும்பத்துக்கு வருவதில், அவர் பங்கான நாலில் ஒன்றை மட்டும் உயிலில் சேர்க்கலாம், மற்ற மூன்றும் உங்கள் மூவருடையது.

காலை நேரத்தில்தான் அவர் தெளிவாக இருக்கிறார் என்றீர்களே, பத்தரை மணிக்கு டோக்கன் போடுங்கள். இந்த வாரத்துக்குள்.